ஜாக்ஹேமர் பிடிக்கும் அண்ணனுக்கு விரல் மரத்துப்போகிறது. கையுறை போதுமா, மெஷினையே மாற்ற வேண்டுமா?

பாறையோரம்:

எல்லோருக்கும் வணக்கம். நாங்கள் கிருஷ்ணகிரி மாவட்டம், தேன்கனிக்கோட்டை பக்கம். என் அண்ணன் கல்குவாரியில் ஜாக்ஹேமர் (காற்றழுத்தத்தில் பாறையைத் துளைக்கும் கைமெஷின்) பிடிக்கிறார், வயது 41. பதினெட்டு வயதில் டிராக்டர் கம்ப்ரசர் வைத்துக் கிணறு வெட்டும் செட்டில் சேர்ந்தவர், கிணற்று வேலை குறைந்த பிறகு குவாரிக்கு வந்தார். இருபத்து மூன்று வருடமாக அதே மெஷின், பாறையில் தமர் (துளை) அடிக்கும் அதே வேலை.

இரண்டு வருடமாகக் கை சரியில்லை. ராத்திரி ஒரு மணி, இரண்டு மணிக்கு எழுந்து உட்கார்ந்து வலது கையை உதறிக்கொண்டிருப்பார். கட்டைவிரலும் அடுத்த இரண்டு விரலும் மரத்துப்போய் எறும்பு ஊர்வது போல இருக்கிறது என்கிறார். சட்டைப் பொத்தானை அண்ணிதான் போட்டுவிடுகிறார். போன மார்கழியில் காலை ஐந்தரைக்கு வண்டியில் குவாரிக்குப் போய் இறங்கியபோது இடது கையில் மூன்று விரல் நுனி சுண்ணாம்பு தடவியது போல வெள்ளையாக இருந்ததாம். டீக்கடையில் சூடான டம்ளரைப் பிடித்த பிறகுதான் நிறம் திரும்பியது, திரும்பும்போது தாங்க முடியாத எரிச்சல். பக்கத்தில் ஒரு மருத்துவரிடம் காட்டினோம், சத்துக் குறைவு என்று சொல்லி மாத்திரை கொடுத்தார், மூன்று மாதம் போட்டும் மாற்றம் இல்லை.

குவாரி முதலாளி நல்லவர்தான். "என்ன வாங்கணும்னு சொல்லு, ஒண்ணு வாங்கித் தர்றேன்" என்கிறார். இணையத்தில் பார்த்தால் அதிர்வைத் தடுக்கும் கையுறை என்று விதவிதமாகப் போட்டிருக்கிறார்கள். அதை வாங்கச் சொல்லலாமா? இல்லை, அந்தக் காசில் வேறு ஏதாவது செய்தால் அண்ணன் கைக்கு உண்மையாகவே பலன் இருக்குமா? இரண்டு மெஷின், ஒரு டிராக்டர் கம்ப்ரசர், மொத்தம் ஐந்து பேர். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

---

கம்ப்ரசர் செல்வம்:

தம்பி, நானும் பதினைந்து வருடம் இதே வேலை பார்த்தவன், இப்போது சொந்தமாக டிராக்டர் வைத்திருக்கிறேன். எங்கள் செட்டில் எல்லோரும் கைப்பிடியில் பழைய சைக்கிள் டியூபைக் கெட்டியாகச் சுற்றிவிடுவோம். அதுவே பாதி உதறலை வாங்கிக்கொள்ளும். மேலே ஒரு தடித்த தோல் கையுறை போட்டால் இன்னும் நல்லது. சாயங்காலம் வெந்நீரில் உப்புப் போட்டுக் கையை முக்கி வைக்கச் சொல்லுங்கள், எனக்கு அது கேட்டது.

இன்னொன்று, பிட்டை, அதாவது கல்லைத் துளைக்கும் கம்பி முனையை, தீட்டாமல் அடிப்பவர்களுக்குத்தான் கை சீக்கிரம் போகும். முனை மழுங்கிய கம்பியை வைத்துக்கொண்டு கருங்கல்லோடு மல்லுக்கட்டினால் கல் வாங்காத அடியெல்லாம் நம் தோளுக்குத்தான் வரும். இதை முதலில் பாருங்கள்.

---

சுரங்க மேற்பார்வை:

நான் சுரங்கப் பொறியியல் படித்துவிட்டு உலோகச் சுரங்கத்திலும் திறந்தவெளிக் குவாரிகளிலும் 19 வருடம் இருந்தவன். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். விஷயம் அண்ணனின் கை.

செல்வம் அண்ணா பிட்டைப் பற்றிச் சொன்னது நூற்றுக்கு நூறு சரி. சைக்கிள் டியூப் விஷயத்தில்தான் நான் மாறுபடுகிறேன். ஜாக்ஹேமர் நிமிடத்துக்கு ஏறக்குறைய இரண்டாயிரம் அடி அடிக்கிறது, அதாவது விநாடிக்கு முப்பது சொச்சம். இவ்வளவு மெதுவான, கனமான குலுக்கலை மெல்லிய ரப்பரோ கையுறைக்குள் இருக்கும் ஜெல்லோ தடுக்காது. கிரைண்டர் மாதிரி வேகமாகச் சுற்றும் கருவிகளின் பொடி அதிர்வை வேண்டுமானால் ஓரளவு வாங்கும். ஐஎஸ்ஓ 10819 என்ற தரத்தில் தேறிய கையுறைக்கும் இதே கதைதான், அந்தச் சோதனை பார்ப்பதே பெரும்பாலும் வேகமான அதிர்வுகளைத்தான். அதற்கு மேல், டியூபும் தடித்த கையுறையும் சேர்ந்தால் பிடி பருத்துவிடும், பருத்த பிடியை இன்னும் இறுக்கிப் பிடிக்க வேண்டியிருக்கும், இறுக்கிப் பிடித்தால் உள்ளே இறங்கும் அதிர்வும் கூடும். கையுறை வேண்டாம் என்று சொல்லவில்லை. கை சூடாகவும் உலர்ந்தும் இருக்க, கீறல் படாமல் இருக்க, போடத்தான் வேண்டும். ஆனால் முதலாளி வாங்கித் தரும் அந்த ஒன்று கையுறையாக இருந்தால் காசு வீண்.

அப்படியானால் எது? அதற்குக் கணக்கு போட வேண்டும். கணக்கு எளிதுதான்.

கைக்கு வரும் அதிர்வை விநாடி வர்க்கத்துக்கு இத்தனை மீட்டர் என்று அளப்பார்கள். ஐரோப்பாவில் 2002-இல் வந்த ஆணைப்படி, எட்டு மணி நேர வேலை நாளுக்குச் சராசரியாக 2.5 வந்தாலே நடவடிக்கை எடுக்கத் தொடங்க வேண்டும், 5-ஐத் தாண்டவே கூடாது. பிரிட்டனில் 2005 விதிகளிலும் அதே எண்கள்தான். அங்கே இதைத் தொழிலாளிக்குப் புரிய வைக்கப் புள்ளிகளாக மாற்றிச் சொல்வார்கள். மெஷினின் எண்ணை அதே எண்ணால் பெருக்கி, வந்ததை இரண்டால் பெருக்கினால் ஒரு மணி நேரத்துக்கான புள்ளி. நாள் முழுக்கச் சேர்ந்து 100 புள்ளி வந்தால் எச்சரிக்கை, 400 வந்தால் அன்றைக்கு அந்த ஆள் மெஷினைத் தொடக் கூடாது.

சாதாரணக் கைப்பிடி உள்ள பழைய பாறை துளைப்பானில் 18 என்பது சகஜமான எண். 18-ஐ 18-ஆல் பெருக்கினால் 324, இரண்டு மடங்கு 648. அதாவது ஒன்பது நிமிடத்தில் எச்சரிக்கை, 37 நிமிடத்தில் அன்றைய வரம்பு முடிந்தது. டிரிக்கரைப் பிடித்து மெஷின் ஓடும் நேரம் மட்டும்தான் கணக்கு, நடப்பது, கம்பி மாற்றுவது, டீ குடிப்பது எதுவும் சேராது. உங்கள் அண்ணன் ஒரு நாளைக்கு உண்மையில் எத்தனை நிமிடம் ஓட்டுகிறார்? கைபேசியில் ஸ்டாப்வாட்ச் வைத்து ஒரு தமருக்கு எவ்வளவு ஆகிறது என்று மட்டும் பார்த்துவிட்டு வாருங்கள். அதிர்வையே அளந்து காட்டும் செயலிகள் இருக்கின்றன, அவற்றை நம்ப வேண்டாம், கைபேசியில் இருக்கும் உணரி ஜாக்ஹேமர் அடியைத் தாங்கி அளக்க வந்ததல்ல.

மேலே உள்ள கணக்கில் ஒன்றைக் கவனியுங்கள். அதிர்வு பாதியானால் புள்ளி கால்வாசியாகிவிடும். நேரத்தைப் பாதியாக்கினால் புள்ளி பாதிதான் குறையும். அதனால்தான் நான் மெஷினையே முதலில் பார்க்கச் சொல்கிறேன். ஸ்பிரிங் வைத்து அதிர்வு குறைத்த கைப்பிடியோடு வரும் மாடல்கள் கிடைக்கின்றன, நல்லவற்றில் எண் ஏறக்குறைய பாதிக்கு இறங்கும். விற்பவரிடம், கைக்கருவிகளின் அதிர்வை அளப்பதற்கான ஐஎஸ்ஓ 28927 தரப்படி அளந்த எண் என்ன என்று கேளுங்கள். "நல்லா இருக்கும் சார்" என்ற பதிலோடு திரும்பாதீர்கள். தாளில் இருப்பதைவிடக் களத்தில் எண் கூடுதலாகத்தான் வரும், அதையும் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இது வருவதற்குள் காசு இல்லாமல் செய்யக்கூடியவை: கம்பியின் பின்பக்கம் மெஷினுக்குள் நுழையும் இடத்தில் ஒரு சக் புஷ் இருக்கும், அது தேய்ந்திருந்தால் கம்பி உள்ளே லொடலொடவென்று ஆடும், மெஷினே திமிறும். கையால் ஆட்டிப் பார்த்தாலே தெரியும், ஆடினால் உடனே மாற்றுங்கள், மெஷின் விலையோடு ஒப்பிட்டால் அது ஒன்றுமே இல்லை. உளி முனை பிட்டாக இருந்தால் முனை தட்டையாகி இரண்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு மேல் பளபளத்தால் தீட்டியாக வேண்டும், தீட்டும்போது 110 பாகைக் கோணம் மாறக் கூடாது. கம்ப்ரசர் கடிகாரத்தையும் பாருங்கள், ஆறு பார் அழுத்தம் வேண்டிய மெஷினுக்கு நாலு பார் போனால் ஒரு தமர் இரண்டு மடங்கு நேரம் இழுக்கும்.

---

தங்கவயல் மகன்:

என் அப்பா டிரில்லர். கோலார் தங்கவயலில் தொழில் பழகி, பிறகு வெவ்வேறு மாநிலங்களில் காண்ட்ராக்டர்களிடம் கடைசி வரை அதே வேலை செய்தவர். அதனால் இந்தத் திரியைப் பார்த்ததும் எழுதாமல் போக மனம் வரவில்லை.

தங்கவயலில் ஆழத்தில் பாறையே 60 பாகை சூட்டுக்கு மேல் இருக்கும் என்பார்கள். அந்த வெக்கையில் யாருக்கும் விரல் வெளுக்கவில்லை, அதனால் யாரும் இதை நோய் என்று நினைக்கவும் இல்லை. "கை மதமதன்னு இருக்கு" என்பதோடு சரி. சுரங்கம் 2001-இல் மூடியது, அப்பா வெளியே போய் வேலை செய்து ஓய்ந்து திரும்பினார். அப்புறம் விடியற்காலை ரயிலில் பெங்களூருக்குக் காவல் வேலைக்குப் போய்க்கொண்டிருந்தபோதுதான், ஒரு டிசம்பரில், ஜன்னல் கம்பியைப் பிடித்திருந்த விரல்கள் வெளுத்ததை முதன்முதலில் பார்த்தார். மெஷினைத் தொட்டே சில வருடம் ஆகியிருந்தது. சில் காற்று பட்ட பிறகுதான் உள்ளே இருந்தது வெளியே தெரிந்தது. உங்கள் அண்ணனுக்கும் மார்கழியில் தெரிந்ததாகச் சொல்கிறீர்கள், உங்கள் ஊர்ப் பக்கம் அந்த மாதம் எப்படிக் குளிரும் என்று எனக்குத் தெரியும்.

அப்பா புதுப் பையன்களுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒன்று உண்டு. மெஷினைக் கட்டிப் பிடிக்காதே, முரட்டு மாட்டின் கயிற்றைப் பிடிப்பது போலப் பிடி, ஓடிவிடவும் கூடாது, நீ இழுபடவும் கூடாது. நின்ற நிலையில் கீழ்நோக்கித் துளைக்கும்போது மெஷினின் எடையே அதை அமுக்கும், உன் எடையைச் சேர்க்காதே என்பார். புகைபோக்கி மாதிரி காற்று வெளியேறும் வாயைக் கைப்பக்கம் திருப்பி வைத்து ஓட்டினால் திட்டுவார். அந்தக் காற்று விரிந்து வெளியே வரும்போது ஐஸ் போல இருக்கும், அது நேராக விரலில் அடித்தால் கேட்கவே வேண்டாம்.

பீடியை மட்டும் அவரால் விட முடியவில்லை. விட்டிருந்தால் விரல் இன்னும் கொஞ்ச நாள் நன்றாக இருந்திருக்கும் என்று டாக்டர் சொன்னார்.

---

பாறையோரம்:

இவ்வளவு அக்கறையாக எழுதியதற்கு நன்றி. சனிக்கிழமை நானே குவாரிக்குப் போய்விட்டேன்.

பார்த்ததைச் சொல்கிறேன். ஒரு மெஷினுக்கு ஒரு நாளைக்கு 40 தமர், ஒவ்வொன்றும் ஐந்தடி. பழைய பிட்டில் ஒரு தமருக்குச் சராசரியாக ஆறு நிமிடம் ஆனது. தீட்டிய கம்பி ஒன்று இருந்தது, அதைப் போட்டு அதே பெஞ்சில் (குவாரியில் படி போல வெட்டிய பாறைத் தட்டில்) அடிக்கச் சொன்னேன், நாலு நிமிடத்தில் இறங்கிவிட்டது. எனக்கே நம்ப முடியவில்லை, மூன்று முறை பார்த்தேன். ஐந்து பேர் இருந்தாலும் மெஷின் பிடிப்பது அண்ணனும் இன்னொருவரும் மட்டும்தான், நாள் முழுக்க ஆளுக்கு ஒரு மெஷின். மற்ற மூவர் கம்ப்ரசர், கம்பி மாற்றுவது, கல் தள்ளுவது. "பழகின கைதான் வேகமா அடிக்கும்" என்று அப்படியே விட்டுவிட்டார்கள்.

சக் புஷ் ஒரு மெஷினில் நன்றாகவே ஆடுகிறது. அது அண்ணன் பிடிக்கும் மெஷின்.

இன்னொன்று பார்த்தேன், அது சரியா என்று சொல்லுங்கள். தமர் பாதி இறங்கியதும் அண்ணன் ஒரு காலைத் தூக்கி மெஷின் மேல் வைத்து அமுக்குகிறார். எல்லோருமே அப்படித்தான் செய்கிறார்கள். காலில் ரப்பர் செருப்பு மட்டும்தான்.

---

சுரங்க மேற்பார்வை:

நீங்கள் போய் அளந்து வந்ததற்கே ஒரு கும்பிடு, முதலாளிகள் செய்ய வேண்டிய வேலை அது.

காலை வைப்பதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். அதிர்வு காலுக்கும் ஏறும். கனடாவில் மேடை மேல் நின்று துளைக்கும் சுரங்கத் தொழிலாளர்களுக்குக் கால்விரல் இதே போல வெளுப்பதை மருத்துவர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். அதோடு கம்பி உடைந்தால் ஆள் நேராக அதன் மேல் விழுவார். கால் வைத்து அமுக்க வேண்டிய நிலை வருகிறது என்றால் பிட் மழுங்கியிருக்கிறது, இல்லை காற்றழுத்தம் போதவில்லை, இல்லை தூள் வெளியேறாமல் துளை அடைத்திருக்கிறது. காரணத்தைச் சரி செய்தால் காலுக்கு வேலை இருக்காது.

இப்போது கணக்கு. 40 தமர், ஆறு நிமிடம் வீதம் 240 நிமிடம், நாலு மணி நேரம். 648-ஐ நாலால் பெருக்கினால் 2,592 புள்ளி. வரம்பு 400. உங்கள் அண்ணன் தினமும் வரம்பைப் போல ஆறு மடங்குக்கு மேல் வாங்கிக்கொண்டிருக்கிறார், அதுவும் புஷ் ஆடாத மெஷின் என்று வைத்துக்கொண்டு போட்ட கணக்கு.

பிட்டைத் தீட்டினால் 160 நிமிடம், 1,728 புள்ளி. ஒரு மெஷினுக்கு இரண்டு பேர் மாற்றி மாற்றிப் பிடித்தால் ஆளுக்கு 864. இன்னும் இரண்டு மடங்கு அதிகம்தான், ஆனால் எங்கிருந்து எங்கே வந்திருக்கிறோம் என்று பாருங்கள், இதுவரை முதலாளி ஒரு ரூபாய்கூடப் பெரிதாகச் செலவு செய்யவில்லை. இதற்கு மேல் 9 என்ற எண் உள்ள மெஷின் வாங்கினால் ஒரு மணி நேரத்துக்கு 162 புள்ளி, 160 நிமிடத்துக்கு 432, இரண்டு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 216. வரம்புக்குள் வந்துவிட்டது. எச்சரிக்கை அளவுக்கு இன்னும் மேலேதான் இருக்கிறது, அதனால் கண்காணிப்பை விட முடியாது.

ஸ்பிரிங் கைப்பிடி வாங்கினால் ஒரு விஷயத்தை அண்ணனுக்கு நன்றாகப் புரிய வைக்க வேண்டும். அந்த ஸ்பிரிங் நடு நிலையில் மிதந்தால்தான் வேலை செய்யும். பழைய பழக்கத்தில் முழு எடையையும் போட்டு அமுக்கினால் கைப்பிடி அடியில் போய் முட்டிக்கொள்ளும், அப்புறம் அது சாதாரண மெஷின்தான். நிறைய இடத்தில் புது மெஷின் வாங்கிவிட்டு "ஒண்ணும் பிரயோஜனம் இல்லை" என்று மூலையில் போட்டதற்கு இதுதான் காரணம். தங்கவயல் நண்பரின் அப்பா சொன்ன மாட்டுக் கயிறு பிடிதான் இங்கே வேண்டும்.

உங்களுடையது கிரானைட் பிளாக் எடுக்கும் குவாரியா, ஜல்லிக்கு உடைக்கும் குவாரியா? பிளாக் என்றால் வரிசையாக நெருக்கமாகத் தமர் அடித்துப் பிளக்கும் வேலையில் பெரும்பகுதியை வைர ஒயர் சா (வைரம் பதித்த கம்பி ரம்பம்) செய்துவிடும், அந்தக் கம்பியை நுழைத்து விட இரண்டு மூன்று துளை இருந்தால் போதும். தண்டவாளத்தில் ஓடும் துளை இயந்திரமும் உண்டு, அதில் ஆள் தள்ளி நின்று லீவரை இயக்கினால் போதும், கையில் மெஷினே இருக்காது. எல்லாவற்றையும்விட நல்ல தீர்வு அதுதான். சிறிய குவாரிக்குச் சொந்தமாக வாங்குவது கஷ்டம், வாடகைக்குக் கிடைக்கிறதா என்று விசாரியுங்கள்.

---

கம்ப்ரசர் செல்வம்:

டியூப் விஷயத்தில் சார் சொன்னது எனக்கு இத்தனை நாள் தெரியாது. எங்கள் பையன்கள் நாலு பேர் இப்போதும் சுற்றித்தான் வைத்திருக்கிறார்கள். நாளைக்குக் கழற்றிவிட்டு புஷ்ஷைப் பார்க்கிறேன். கிணற்று வேலையில் ஒரே ஆள்தான் உள்ளே இறங்கி மணிக்கணக்கில் அடிப்பான், ஆள் மாற்றுவது என்றால் மேலே ஏற்றி இறக்க வேண்டும் என்று நாங்கள் மாற்றுவதே இல்லை. அதை மாற்றியாக வேண்டும்.

---

நரம்பு வைத்தியர்:

நான் நரம்பியல் மருத்துவர், அரசு மருத்துவமனையில் இருக்கிறேன். நேரில் பார்க்காமல் நோயை முடிவு செய்ய மாட்டேன், ஆனால் நீங்கள் எழுதியதில் இரண்டு தனித்தனி விஷயம் இருக்கிறது, அதைப் பிரித்துச் சொல்ல வேண்டும்.

வலது கையில் கட்டைவிரல், ஆள்காட்டி, நடுவிரல், ராத்திரியில் எழுப்பும் மரப்பு, உதறினால் கொஞ்சம் தேவலை. இது மணிக்கட்டில் நரம்பு நசுங்குவதன் பாடமான அடையாளம். அதிர்வும் இறுக்கிப் பிடிப்பதும் சேர்ந்தால் இது அதிகம் வரும். நரம்புக் கடத்தல் சோதனை செய்தால் தெரிந்துவிடும், இதற்கு மருத்துவமும் உண்டு. ஆனால் அறுவை செய்துவிட்டு மறுபடி அதே மெஷினைப் பிடித்தால் செய்ததன் பலன் நிற்காது.

இடது கையில் விரல் நுனி வெளுப்பது ரத்தக்குழாய் சுருங்குவதால். இதை மருத்துவர் பார்க்கும் நேரத்தில் அது இருக்காது, கை சாதாரணமாகத்தான் தெரியும். அதனால் அடுத்த முறை வெளுக்கும்போது உடனே கைபேசியில் புகைப்படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், எந்த விரல், எந்தக் கணு வரை என்று தெரிய வேண்டும். எத்தனை விரலில் எத்தனை கணு வரை வருகிறது, எப்போதாவதா அடிக்கடியா என்பதை வைத்துத்தான் நோயின் படியைப் பிரிப்போம். ஸ்டாக்ஹோம் அளவுகோல் என்று 1986-இல் வகுத்தது, ரத்தக்குழாய்க்குத் தனியாகவும் நரம்புக்குத் தனியாகவும் படிகள் உண்டு.

தங்கவயல் நண்பர் சொன்னது முக்கியமான விஷயம். மலேசியா, வியட்நாம் போன்ற வெப்ப நாடுகளில் செய்த ஆய்வுகளில் வெள்ளை விரல் குறைவாக, சிலவற்றில் சுத்தமாக இல்லாமலே இருந்தது. ஆனால் மரப்பும் சுள்சுள் என்ற உணர்வும் நிறையப் பேருக்கு இருந்தது. நம் ஊரில் வெள்ளை விரலை மட்டும் தேடினால் பாதிக்கப்பட்டவர்களைத் தவறவிடுவோம். "பொத்தான் போட முடிகிறதா, சில்லறைக் காசைப் பையில் கைவிட்டுத் தடவி எடுக்க முடிகிறதா" என்று கேட்டாலே நிறையத் தெரியும்.

சர்க்கரையைப் பார்த்தீர்களா? சர்க்கரையால் வரும் மரப்பு பொதுவாகப் பாதத்தில் தொடங்கும், இவருக்குக் கையில் தொடங்கியிருக்கிறது, இருந்தாலும் ரத்தத்தில் சர்க்கரை, தைராய்டு, பி12 மூன்றையும் பார்த்துவிடுங்கள். கழுத்து எலும்பையும் பார்க்கச் சொல்வேன். ரத்த அழுத்தத்துக்கு அட்டெனலால், புரோப்ரனலால் போன்ற மாத்திரை எடுப்பவராக இருந்தால் அதையும் மருத்துவரிடம் சொல்லுங்கள், அவை விரல் வெளுப்பதைக் கூட்டலாம், ஆனால் தாமாக நிறுத்தக் கூடாது. பீடி, சிகரெட், புகையிலை எல்லாமே ரத்தக்குழாயைச் சுருக்குபவை.

மருத்துவரிடம் போகும்போது முதல் வாக்கியமே "23 வருடமாக ஜாக்ஹேமர் பிடிக்கிறேன்" என்று இருக்கட்டும். கை மரக்கிறது என்று மட்டும் சொன்னால் எல்லோருக்கும் எழுதும் சத்து மாத்திரையைத்தான் எழுதுவார்கள், அவர்களைக் குறை சொல்லவும் முடியாது.

கடைசியாக ஒன்று. ஆரம்பத்தில் மெஷினை விட்டால் வெளுப்பது குறைய வாய்ப்பு இருக்கிறது. மரப்பு அப்படி இல்லை, முற்றிவிட்டால் பெரும்பாலும் திரும்பாது. இவர் கையால் பொத்தான் போட முடியவில்லை என்கிறீர்கள். என்னைக் கேட்டால் சோதனை முடியும் வரை இவர் மெஷினைப் பிடிக்கவே கூடாது.

---

டான்காஸ்டர் தமிழ்:

நான் இங்கிலாந்தில் டான்காஸ்டரில் செவிலியர். பழைய நிலக்கரிச் சுரங்க ஊர் இது. என் வார்டுக்கு வரும் எண்பது வயதுத் தாத்தாக்களில் பலருக்குக் கரண்டியைப் பிடிக்கத் தடுமாற்றம். அவர்கள் நோய்க்குப் பெயரே கேட்க வேண்டாம், "ஒயிட் ஃபிங்கர்" என்று அவர்களே சொல்லிவிடுவார்கள்.

இங்கே இதைத் தொழில்நோய்ப் பட்டியலில் சேர்த்தது 1985-இல். சுரங்கத் தொழிலாளர்கள் அரசு நிலக்கரி நிறுவனமான பிரிட்டிஷ் கோல் மேல் போட்ட வழக்கில் 1996-இல் அவர்கள் பக்கம் தீர்ப்பு வந்தது, 1998-இல் மேல்முறையீட்டு நீதிமன்றமும் உறுதி செய்தது. 1970-களின் நடுவிலேயே ஆள் மாற்றி வேலை கொடுத்திருக்க வேண்டும், எச்சரித்திருக்க வேண்டும் என்பதுதான் நீதிமன்றம் சொன்னதன் சாரம். அதன்பின் அரசு நடத்திய இழப்பீட்டுத் திட்டத்துக்கு ஏறக்குறைய 1.7 லட்சம் மனு வந்தது. ஒரே ஒரு நாட்டில், ஒரே ஒரு தொழிலில்.

அதற்கும் வெகுகாலம் முன்பே தெரிந்த விஷயம் இது. 1918-இல் ஆலிஸ் ஹாமில்டன் என்ற மருத்துவர் அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துச் சுண்ணாம்புக்கல் குவாரி ஊரான பெட்ஃபோர்டுக்குப் போய், காற்றுச் சுத்தியல் பிடிக்கும் கல்தச்சர்களின் விரல் குளிர்காலக் காலையில் செத்துப்போனது போல வெளுப்பதை எழுதி வைத்தார். உளியைப் பிடிக்கும் இடது கையில்தான் அதிகம் என்றும் குறித்தார். உங்கள் அண்ணனின் இடது கையைப் பற்றிப் படித்ததும் எனக்கு அது நினைவுக்கு வந்து மனசு கஷ்டமாகிவிட்டது. நூறு வருடத்துக்கு மேல் ஆகியும் ஒருவருக்கு இதைச் சத்துக் குறைவு என்று சொல்லி அனுப்புகிறார்கள்.

உங்கள் பக்கம் மருத்துவப் பரிசோதனை எதுவும் முதலாளி செலவில் உண்டா?

---

சுரங்க மேற்பார்வை:

உண்டு சகோதரி. வெடி வைத்துக் கல் எடுக்கும் குவாரியும் சட்டப்படி சுரங்கம்தான். 1952 சுரங்கச் சட்டத்தின் கீழ் வந்த 1955 விதிகளிலேயே, வேலைக்குச் சேரும்போதும் அப்புறம் ஐந்து வருடத்துக்கு ஒரு முறையும் தொழிலாளியைப் பரிசோதிக்க வேண்டும் என்று இருந்தது, தூசுக்காக மார்பு எக்ஸ்ரேயும் எடுப்பார்கள். விரலைத் தனியாகக் கேட்டு நான் பார்த்ததில்லை. தொழிலாளியே சொல்லி, அந்தப் படிவத்தில் எழுத வைக்க வேண்டும். எழுதியதன் நகலை வீட்டில் வைத்துக்கொள்ள வேண்டும், பின்னால் எதைக் கேட்பதாக இருந்தாலும் அந்தத் தாள்தான் பேசும்.

---

பாறையோரம்:

எல்லோருக்கும் கைகூப்பி நன்றி. பத்து நாள் கழித்து வருகிறேன், நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

கணக்கை ஒரு தாளில் எழுதி முதலாளியிடம் காட்டினேன். 2,592 என்ற எண்ணையும் 400 என்ற எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் பார்த்ததும் கொஞ்ச நேரம் பேசவில்லை. கையுறைப் பேச்சே இல்லை இப்போது. இரண்டு மெஷினுக்கும் சக் புஷ் மாற்றியாகிவிட்டது. பிட் தீட்ட ஓசூரிலிருந்து ஒரு ஆள் வாரம் இரண்டு முறை வருகிறார், தீட்டிய கம்பி எப்போதும் நாலு கையிருப்பில் இருக்கிறது. ஸ்பிரிங் கைப்பிடி மெஷினுக்கு இரண்டு இடத்தில் விலை கேட்டிருக்கிறோம், ஒருவர் மட்டும்தான் அந்த எண்ணைத் தாளில் கொடுத்தார், 9.5 என்று இருக்கிறது. எங்களுடையது ஜல்லி குவாரி, ஒயர் சாவுக்கு வழியில்லை.

அண்ணனை மெஷினிலிருந்து எடுத்துக் கம்ப்ரசர் பக்கம் போட்டிருக்கிறார்கள். கூலி நாளைக்கு 150 ரூபாய் குறைகிறது, அதைப் பற்றி இன்னும் பேசிக்கொண்டிருக்கிறோம். மெஷினை இப்போது நாலு பேர் மாற்றி மாற்றிப் பிடிக்கிறார்கள், பத்து தமருக்கு ஒரு முறை கை மாறுகிறது. புதிதாகப் பிடிக்கும் இரண்டு பையன்களுக்கு அண்ணன்தான் பிடி சொல்லித் தருகிறார், மாட்டுக் கயிறு என்றதும் அவர்களுக்கு உடனே புரிந்துவிட்டது, இரண்டு பேர் வீட்டிலும் மாடு இருக்கிறது.

சர்க்கரை இல்லை, தைராய்டு சரி. நரம்புச் சோதனை வருகிற வியாழன். டாக்டர் சொன்னபடி முதல் வாக்கியத்தை எழுதியே கொடுத்து அனுப்புகிறேன். முடிவு வந்ததும் இங்கே போடுகிறேன்.